குட்டியைத் தெருவில் விடுவதற்கு முன் அதன் கிண்ணத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். கடி, ஊசி, கருத்தடை, காப்பகம் என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். அந்த நாய்களில் சில, ஆசை ஆசையாக வீட்டுக்குத் தூக்கி வந்து, ஒரு மாதம்கூட ஆகாமல் வெளியே விடப்பட்ட குட்டிகள் என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் ரெண்டு பதில்தான் வரும். "எப்பப் பாரு வயித்தால போவுது", "வீடு பூரா அசிங்கம் பண்ணுது". இரண்டுக்குமே பெரும்பாலும் காரணம் நாம் கிண்ணத்தில் எதைப் போடுகிறோம், எப்போது போடுகிறோம் என்பதுதான். சரிசெய்யக்கூடிய விஷயத்துக்காக ஒரு உயிரைத் தெருவில் விடுகிறோமே என்கிற ஆற்றாமையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பல வருஷமாக நாய் வளர்க்கிறேன், வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில் நின்று அங்குள்ள டாக்டர்கள் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். தெருவில் யார் வீட்டுக் குட்டிக்கு என்ன ஆனாலும் "அக்கா கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள்.

முதல் தப்பு விற்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கூடையில் வைத்து விற்கும் குட்டிகளைப் பாருங்கள், பல குட்டிகளுக்குப் பல்லே சரியாக முளைத்திருக்காது. 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளில் மத்திய அரசு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவர் சொல்லவும் மாட்டார், "சின்னதா இருந்தாத்தான் உங்ககிட்ட ஒட்டிக்கும்" என்பார். தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டியை ஒரே நாளில் பிரித்து, பேருந்தில் அடைத்துக் கொண்டுவந்து, புது வீடு, புதுச் சத்தம், புதுச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்தால் அதன் வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

வந்த உடனே வீட்டில் ஆயா ஒரு கிண்ணம் பாலைக் காய்ச்சி வைத்துவிடுவார். பாசத்தில் வைப்பதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாய்ப்பால் வேறு, மாட்டுப்பால் வேறு. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை குறைவு. குட்டி வளர வளர அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தியும் அதன் குடலில் குறைந்துகொண்டே போகும். செரிக்காமல் தங்கும் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது, அதுதான் பேதியாக வெளியே வருகிறது. பால் கெட்டியாக இருப்பதால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுப்பவர்களும் உண்டு, அப்போது இருந்த கொஞ்சம் சத்தும் போய்விடும். இதோடு டீக்கடைப் பொறையை அந்தப் பாலில் ஊறவைத்து மூன்று வேளையும் அதையே கொடுக்கிறார்கள். பொறை மைதாதான், அதைத் தின்று ஒரு குட்டி வளராது. வயிறு மட்டும் உப்பும்.

அந்த உப்பின வயிற்றைப் பார்த்து "நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்பார்கள். விலா எலும்பு தெரிகிறது, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குடல் புழுவைத்தான். உருண்டைப் புழு குட்டி பிறப்பதற்கு முன்பே தாயின் வயிற்றிலேயே அதற்குள் வந்துவிடும், தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால் "எங்க குட்டி வெளியவே போகல, அதுக்கு எப்படிப் பூச்சி வரும்" என்கிற கேள்விக்கே இடமில்லை. 2 வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குடல் புழுவை நீக்கும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். இதில் குழந்தைகளின் நலனும் இருக்கிறது. நாய் மலத்தில் வரும் உருண்டைப் புழு முட்டைகள் மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வருகின்றன. கொக்கிப் புழுவின் லார்வா வெறும் காலின் தோல் வழியாகவே உள்ளே ஏறும். நம் சந்துகளில் பிள்ளைகள் செருப்பில்லாமல்தான் ஓடியாடுகின்றன, அதனால் குட்டி ரெண்டுக்குப் போனதை அன்றைக்கே அள்ளிப் போட்டுவிடுங்கள்.

சரி, என்ன கொடுப்பது? வாங்கும்போதே விற்றவரிடம் இதுவரை என்ன சாப்பிட்டது என்று கேட்டு, முதல் சில நாள் அதையே கொடுங்கள். அப்புறம் புதுச் சாப்பாட்டைக் கால் பங்கு கலந்து, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்குப் பிறகு இரண்டு வேளை போதும். ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக இருக்கட்டும், அதிகம் போட்டாலும் பேதிதான். பப்பி ஃபுட் பாக்கெட் வாங்க முடிந்தவர்கள் வெந்நீரில் ஊறவைத்து ஆறியதும் கொடுக்கலாம். கடையில் மூட்டையைத் திறந்து போட்டு எடை போட்டு விற்பதை நான் வாங்க மாட்டேன், காற்றுப்பட்டால் அதிலிருக்கும் கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும். பாக்கெட் கட்டுப்படியாகாது என்பவர்கள் கோழியை உப்பு, காரம், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பை முழுக்க எடுத்துவிட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுக்கலாம், வெந்த முட்டையும் கொடுக்கலாம். காசிமேட்டு மீன் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், வேகவைத்து முள் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவாடு வேண்டாம், அவ்வளவும் உப்பு. ஆனால் வெறும் சோறும் கறியும் மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் பற்றாமல் முன்னங்கால் வளைந்துவிடும், இந்தப் பக்கம் அப்படிக் கால் வளைந்த குட்டிகளை நிறையப் பார்க்கலாம். என்ன சேர்க்க வேண்டும், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள், பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமாகப் போனாலும் எலும்புக்குக் கெடுதல்.

மிச்சம் மீதியைப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சால்னா, பிரியாணி, குருமா எல்லாவற்றிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, இரண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். தயிர் சோறு வெயிலுக்கு நல்லது என்று காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள், நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் அது புளித்துக் கெட்டுவிடும். கால் மணி, அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் இருக்கட்டும். லாரித் தண்ணீரோ அடிபம்புத் தண்ணீரோ, நாம் காய்ச்சிக் குடிப்பதையே அதற்கும் வைக்கலாம்.

இதையெல்லாம் பார்த்துச் செய்தும் பேதி வரலாம். ஒருமுறை இளகிப் போய், குட்டி சுறுசுறுப்பாக விளையாடிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். பெரிய நாய்க்கு ஒரு வேளை பட்டினி போடுவது மாதிரிக் குட்டிக்குப் போடாதீர்கள், சின்னக் குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் இறங்கி மயங்கிவிடும். குழைந்த சோற்றில் கோழி, கொஞ்சம் வேகவைத்த மஞ்சள் பூசணி பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மெடிக்கலில் நமக்கு வாங்கும், பேதியை நிறுத்துகிற மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ரொம்ப ஆபத்து. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், நாயின் சாதாரண உடல் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், தொட்டால் நமக்குச் சுடத்தான் செய்யும்.

ஆனால் வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால், ரத்தம் கலந்து தாங்க முடியாத நாற்றத்தோடு போனால், குட்டி எழுந்திருக்காமல் சுருண்டு கிடந்தால், கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்துக் கையை எடுத்ததும் உடனே பழைய இடத்துக்குப் போகாமல் அப்படியே நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். ட்ரிப்ஸ் ஏற்றி உடம்பில் நீர்ச்சத்தைத் தக்கவைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, வீட்டிலேயே வைத்துக் கைவைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. தரையை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். பழைய குட்டி செத்த வீட்டுக்கு உடனே புதுக் குட்டி வாங்கி வருகிறார்களே, அதுவும் அதே நோயில் போவதற்குத் தரையில் தங்கிய இந்தக் கிருமிதான் காரணம். தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை போட வேண்டும். ஒன்று போட்டுவிட்டு "ஊசி போட்டாச்சு" என்று விட்டுவிடுவது போதாது. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

இனி வீட்டுக்குள் அசிங்கம் செய்வது. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது, நம் வீடுகளோ ஒரு ஹால், ஒரு கிச்சன், அதுவும் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று இன்டர்நெட்டில் சொல்வது நமக்கு உதவாது. பாத்ரூம் வாசலிலோ பால்கனியிலோ ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, பழைய செய்தித்தாளை நாலைந்து மடிப்பாகப் போடுங்கள். அந்த இடம் மாறக் கூடாது. மூத்திரம் பட்ட தாளில் ஒரு துண்டைப் புதுத் தாளுக்கு அடியில் வையுங்கள், வாசனை பிடித்து அங்கேயே வரும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணியிலிருந்து அரை மணிக்குள், விளையாடி முடித்ததும் குட்டிக்கு வரும். தரையை மோந்துகொண்டே வட்டமடித்தால் அதற்குத்தான், சத்தம் போடாமல் தூக்கிக் கொண்டுபோய் அந்தத் தாளில் விடுங்கள். போய் முடித்த அந்த நொடியே ஒரு துண்டு கோழி கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, ராத்திரி ஒருமுறையாவது எழுந்துதான் ஆக வேண்டும். வேளா வேளைக்குச் சாப்பாடு போட்டால் ரெண்டுக்குப் போவதும் வேளைக்கு வரும். நாள் பூரா கிண்ணத்தில் ஏதோ ஒன்று கிடக்கிற வீட்டில்தான் குட்டி எந்நேரமும் போய்க்கொண்டே இருக்கும்.

மூக்கை அதிலேயே தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது, இதை எல்லாம் தயவுசெய்து நிறுத்துங்கள். பத்து நிமிஷம் முன்னால் செய்ததற்கு இப்போது அடிக்கிறார்கள் என்று குட்டிக்குப் புரியாது. மனுஷர் முன்னால் போனால் அடி விழும் என்று மட்டும் புரிந்துகொண்டு கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் போக ஆரம்பிக்கும். அப்பா குரல் கேட்டதும் அந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போகிறதா, அது பயம், அதட்ட அதட்டக் கூடத்தான் செய்யும். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறது, முக்குகிறது என்றால் நோய், டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று தண்ணீரை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மே மாத வெயிலில் தகரக் கூரை வீட்டில் அப்படிச் செய்வது கொடுமை. போன இடத்தைத் துடைக்கும்போது பினாயில் வாசனை நமக்குத்தான் மறைக்கும், நாய் மூக்குக்கு மறைக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் திரும்ப அங்கே வருவது குறையும்.

வடசென்னையில் வசதி சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணிகள் சிகிச்சை மையம் இருக்கிறது, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே மாதவரத்தில்தான் இருக்கிறது. ஆனால் துறைமுகத்துக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர் பகல் வேளையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவார்? எண்ணூர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் இருப்பவருக்கு வேப்பேரி என்பது ஒரு நாள் கூலி போகிற தூரம். மாநகராட்சி திருவொற்றியூர்ப் பக்கம் மாலை நேரத்தில் இயங்கும் ஒரு சிகிச்சை மையமாவது திறக்க வேண்டும். செல்லப்பிராணி உரிமம் கொடுக்கும்போது, எத்தனை வேளைச் சாப்பாடு, எப்போது பூச்சி மருந்து, எப்போது ஊசி என்று ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்கலாமே, அதற்குப் பெரிய செலவு ஆகாது. சந்தைகளில் 8 வாரம் ஆகாத குட்டிகளை விற்பதை அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை கால்நடை மருத்துவர் ஒருவர் வாசகர் கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி ஒரு பகுதியைத் தொடங்குங்கள். அதோடு அரசு, மாநகராட்சி கால்நடை மருத்துவமனைகளின் முகவரி, திறந்திருக்கும் நேரம் இரண்டையும் சென்னைப் பதிப்பில் வெளியிடுங்கள். அதை வெட்டி எங்கள் தெரு டீக்கடையில் ஒட்டுகிறேன், கடைக்கார அண்ணனிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொருக்குப்பேட்டை, வடசென்னை.