பருத்திக் கொல்லையில் மருந்தடிப்போரின் உயிர்காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பூச்சிமருந்து தெளிக்கும் கூலித் தொழிலாளர்கள், அவர்தம் குடும்பத்தினர் சார்பில் கீழே கையொப்பமிட்டுள்ள ஊர்ப் பொதுமக்கள்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: பயிருக்கு மருந்து தெளிக்கும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நஞ்சேறிப் பாதிக்கப்படுவோருக்கு உரிய சிகிச்சை, ரத்தப் பரிசோதனை, முறையான பதிவு ஆகியவற்றை உறுதிசெய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லோர் சார்பிலும் இம்மனுவை எழுதுபவன் நான். கடந்த கார்த்திகையில் என் தம்பி பருத்திக்கு மருந்தடிக்கப் போனான். எங்கள் பக்கத்தில் டேங்குக் கணக்கில்தான் கூலி என்பதால் வெயில் ஏறினாலும் காற்று திரும்பினாலும் யாரும் வேலையை நிறுத்துவதில்லை. செடி மார்பளவு வளர்ந்திருந்தது. முதுகில் சுமந்த தெளிப்பானின் மூடி கசிந்து, சட்டையும் இடுப்புத் துணியும் காலையிலேயே நனைந்துவிட்டன. பிற்பகலில் கண் மங்கி, வாயில் எச்சில் வழிய, கைகால் தசைகள் துடிக்க, வரப்பிலேயே சாய்ந்தான். மருத்துவமனையில் எங்களிடம் முதலில் கேட்டது, "என்ன குடித்தான், எதற்காகக் குடித்தான்?" என்பதுதான். குடிக்கவில்லை, தெளித்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் பதிவேட்டில் தற்கொலை முயற்சி என்றே எழுதினார்கள். வயிற்றைக் கழுவினார்கள், தோலை ஒருவரும் கழுவவில்லை. மருந்தில் ஊறிய அதே சட்டை மூன்று மணி நேரத்துக்கு மேல் அவன் உடம்போடு ஒட்டியே கிடந்தது.

நஞ்சு என்றால் வாய் வழியாகத்தான் போகும் என்ற இந்த எண்ணமே எங்கள் உயிருக்கு உலை வைக்கிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகள் காயமில்லாத தோலிலும் ஊடுருவக்கூடியவை. முன்கைத் தோலைவிட இடுப்புக்குக் கீழே தொடையிடுக்கில் உள்ள மெல்லிய தோல் பன்மடங்கு வேகமாக அவற்றை உறிஞ்சுகிறது. தெளிப்பான் கசிந்தால் நனைவதும் அந்த இடம்தான். அடைத்துக்கொண்ட நாசிலை (தெளிப்பானின் முனையை) வாயால் ஊதும் பழக்கமும், கை கழுவாமல் பீடி பற்றவைப்பதும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. உள்ளே சென்ற மருந்து, நரம்பின் கட்டளையை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடுவதால், சுரப்பிகள் ஓயாமல் சுரந்து நுரையீரலில் நீர் சேர்கிறது. தசைகள் முதலில் துடித்து, பிறகு தளர்ந்து, கடைசியில் மூச்சே நின்றுபோகிறது.

தெளிக்காதவர்களும் தப்புவதில்லை. மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்து தருபவர்களும், மறுநாளே அதே கொல்லையில் களையெடுக்க இறங்குபவர்களும், நனைந்த துணிகளைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைப்பவர்களும் பெண்களே. அவர்களுக்கு வரும் தலைவலியும் குமட்டலும் வெயிலின் மேல் பழியாகப் போய்விடுகின்றன.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தபோது நாடே பேசியது. அதே ஆண்டில் நம் மாவட்டத்துப் பருத்திக் கொல்லைகளிலும் உயிர்கள் போயின. அதற்கடுத்த ஆண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபின் தெளிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

எங்கள் முதல் வேண்டுகோள் சிகிச்சையைப் பற்றியது. தெளிப்புக் காலம் முழுவதும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அட்ரோபின் போதிய அளவில் இருப்பில் இருக்க வேண்டும். இன்னொரு மாற்று மருந்தான பிராலிடாக்சிம் எங்கே கிடைக்கும் என்பது 108 ஊர்தியினருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வந்தவுடன் உடையைக் களைந்து, சோப்புத் தண்ணீரால் தலைமுடி முதல் கால்நகம் வரை கழுவுவதைப் பணியாளர்களுக்குக் கட்டாய நடைமுறையாக அறிவுறுத்த வேண்டும். இதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மேலும், முதல் நாள் தெளிந்துவிட்டவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. என் தம்பி தேறிவிட்டான் என்று நாங்கள் நம்பிய மூன்றாம் நாள், தலையணையிலிருந்து அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. அன்று இரவே செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டியதாயிற்று. இவ்வகை நஞ்சில் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் இப்படித் தளர்வது மருத்துவர்கள் அறிந்ததே. வீட்டில் இருந்திருந்தால் அவனை இழந்திருப்போம்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. பூச்சிமருந்து தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்குக் குறித்த இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும், கரிம பாஸ்பரஸ் மருந்துகளைக் கையாள்வோருக்கு மாதந்தோறும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (மேலே சொன்ன நொதி) அளவு பார்க்க வேண்டும் என்றும் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. ஆலையில் முகமூடியோடு நிற்பவருக்குத் தேவைப்படும் பாதுகாப்பு, அதே மருந்தை வெறும் உடம்பில் ஏற்றுக்கொண்டு நடப்பவருக்கு ஏன் கிடைப்பதில்லை? இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், தெளிப்பு தொடங்குமுன் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் பார்த்தால்தான் யார் ஆபத்தை நெருங்குகிறார் என்பது புலப்படும். வட்டார அளவில் முகாம் நடத்தி இதை இலவசமாகச் செய்துதர வேண்டுகிறோம்.

மூன்றாவதாக, தெளிக்கும்போது நஞ்சேறியவர்களைத் தனி வகையாகப் பதிவுசெய்ய ஆணையிடுமாறு கோருகிறோம். வேலையில் விழுந்தவனைத் தற்கொலைக்கு முயன்றவன் என்று எழுதும்போது, விபத்துக்குரிய நிவாரணம் கைவிட்டுப் போவதோடு அந்தக் குடும்பத்தின் மேல் தீராத பழியும் விழுகிறது. என் தம்பி மனைவியை ஊரார் கேட்ட கேள்விகளை இங்கே எழுத எனக்கு மனமில்லை. மேற்படி பதிவைத் திருத்தித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சிகிச்சை ஆவணங்களின் நகல்களும், அன்று தெளித்த மருந்துப் புட்டியின் படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

ஐப்பசி மழை விட்டதும் தெளிப்பு தொடங்கிவிடும். அதற்குள் சுகாதாரத் துறையையும் வேளாண்மைத் துறையையும் ஒருங்கே அழைத்துப் பேசி, ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.

இடம்: பெரம்பலூர்
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)