நான்கு முழம்

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தாளின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது, பார்த்தாயா? உனக்கு அடையாளம் தெரிந்திருக்கும். அலமாரியை ஒழிக்கும்போது பழைய கணக்கு நோட்டு கிடைத்தது. அதில் எழுதாமல் மிச்சமிருந்த தாள்கள் இவை. எழுதிய பக்கங்களைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். எரித்துவிடலாமா என்று யோசித்தேன். எரிப்பதெல்லாம் நாம் முன்பு இருந்த மதக் கூட்டத்தின் பழக்கமாயிற்றே என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

போன வாரம் போனில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வரும், இல்லையென்றால் அழுகை வரும்.

"எட்டு மாசமா வாரத்துக்கு ஒருநாள் ஓர் இடத்துக்குப் போறேம்மா. கொஞ்ச நேரம் சும்மா உட்காருவோம், அப்புறம் பாடுவோம், பிரார்த்தனை பண்ணுவோம். நல்லா இருக்கு" என்றாய். அந்த 'நல்லா இருக்கு' என் காதில் விழவே இல்லை. யார் தலைவர், பணம் கேட்கிறார்களா, எதிலாவது கையெழுத்துப் போட்டாயா என்று போலீஸ் மாதிரி கேட்டுக்கொண்டே போனேன். போனை வைத்த பத்து நிமிடத்துக்குள் மூன்று கட்டுரைகளை வேறு அனுப்பினேன். அதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய்: "அம்மா, நீ பேசறது கூட்டத்துல இருந்த அந்தப் பெரியவர் பேசற மாதிரியே இருக்கு."

ஒரு வாரமாக அதுதான் தூங்க விடவில்லை.

நீ எட்டு மாதம் என்னிடம் மறைத்திருக்கிறாய். அதைவிட எனக்கு உறைத்தது, நீ ஏன் மறைத்தாய் என்பது உடனே புரிந்ததுதான். நானும் இருபத்தைந்து வயதில் என் அம்மாவிடம் இப்படித்தான் மறைத்தேன். என்ன, நான் மறைத்தது கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததை.

சரி, நோட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு ராத்திரியும் அன்றைய தவறுகளை எழுத வேண்டும் என்பது கூட்டத்தின் விதி. கோட்டுக்கு இந்தப் பக்கம் தேதி, அந்தப் பக்கம் சறுக்கல். பெரியவர்களுக்குத் தனி நோட்டு, பிள்ளைகளுக்கு அம்மா எழுத வேண்டும். நான் ஒருநாள்கூட விடவில்லை. மற்ற அம்மாக்கள் வார இறுதியில் மொத்தமாக எழுதிவிடுவார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

உனக்கு ஏழு வயது. ஒருநாள் காலையில், ராத்திரியில்கூட இல்லை, காலையில் படுக்கையிலிருந்து எழுந்து நேராக என்னிடம் வந்தாய். கண்ணில் பீளை அப்படியே இருந்தது. "அம்மா, கனவுல ஒரு பொய் சொல்லிட்டேன், எழுதிக்கோ" என்றாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அணைத்துக்கொண்டு, போடா பைத்தியம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். தேதி போட்டேன். 'கனவில் பொய்' என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்ததும் உனக்கு நிம்மதியாக இருந்தது, விளையாடப் போய்விட்டாய். அந்த நிம்மதிதான் என்னைக் கலக்கியது. தூங்கும்போதும் கணக்குக் காட்ட வேண்டியவனாக என் பிள்ளையை ஆக்கிவிட்டேனே என்று.

நான் வெளியே வந்ததற்குப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை தம்பி. கேட்பவர்களிடம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மை அந்த ஒரு வரிதான்.

அதற்கு முன்பே வர வேண்டிய வாய்ப்பு ஒன்று வந்தது. உலகம் முடியும் என்று குறித்த நாள் ஒன்றும் ஆகாமல் கடந்து போனதே, உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. அன்றோடு எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள் என்றுதான் கதை கேட்பவர்கள் நினைக்கிறார்கள். ஒருவர்கூடப் போகவில்லை. கணக்கில் ஒரு பிழை என்றார்கள், திருத்தினார்கள். திருத்தியவர்களில் நானும் ஒருத்தி. பின்னால் படித்தபோது, இது நமக்கு மட்டும் நடந்ததில்லை என்று தெரிந்தது. 1844 அக்டோபர் 22 அன்று இயேசு திரும்பி வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்கள்கூட உண்டு. விடிந்தது, யாரும் வரவில்லை. பலர் விலகினார்கள். சிலரோ தேதி சரிதான், நடந்தது மண்ணில் இல்லை, விண்ணில் என்றார்கள். இதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. வயலை விட்டுவிட்டு வந்தவனால் 'தப்பு செய்துவிட்டேன்' என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா?

வெளியே வந்ததும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். விலக்கு. தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போவார்கள். உன் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது முறை வைத்து ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர்களும் அவர்கள்தான். அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். என் வீட்டில் பாத்திரம் கழுவிய அதே கை, பிறகு என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது.

அந்த நாட்களில்தான் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவைப் பற்றிப் படித்தேன். ஆம்ஸ்டர்டாமில் 1656 ஜூலை 27 அன்று அவருடைய யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. வயது 23. யாரும் அவரோடு பேசக் கூடாது, எழுத்திலும் தொடர்பு கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, அவர் எழுதிய எதையும் படிக்கக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு அளவு வருகிறது: அவருக்கு நான்கு முழத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உன் பாட்டி என்னைப் பார்க்க வந்தால் கதவோரம் நாற்காலி போட்டு உட்காருவாரே, அது ஏறக்குறைய நான்கு முழம்தான் இருக்கும்.

ஸ்பினோசா அதற்கப்புறம் வேறு எந்த மதத்திலும் சேரவில்லை. லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார், எழுதினார். எனக்கு அது முடியவில்லை. நான் ஒன்றில் சேர்ந்தேன். அதற்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, ஆனால் விதி நிறைய உண்டு. கும்பிடுபவர்களைக் கண்டால் உதட்டைச் சுழிக்க வேண்டும். யாராவது 'கடவுள் புண்ணியத்தில்' என்றால் திருத்த வேண்டும். உன் கல்லூரி நண்பன் சாப்பிடும் முன் கண்ணை மூடினான் என்பதற்காக அவனிடம் அரைமணி நேரம் வாதம் செய்தேன். நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் அதற்கப்புறம் வீட்டுக்கு வரவே இல்லை. நோட்டை மூடி வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதுப் பக்கம்தான் திருப்பியிருக்கிறேன், மற்றவர்கள் பெயரில்.

அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பாறையில் வெட்டிய 12ஆம் சாசனம் ஒன்று உண்டு. தன் சமயத்தின் மேலுள்ள பற்றினால் அதைப் புகழ்ந்து பிறருடையதை இழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பது அதன் சாரம். எல்லாச் சமயங்களும் வளர வேண்டும், அதற்கு வேர் வாக்கடக்கம் என்கிறது. வாக்கடக்கம்! ஒரு பேரரசர் கல்லில் வெட்டிச் சொன்னதை என்னால் ஒரு போன் பேச்சில் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சாசனம் நம்பிக்கையுள்ளவர்களுக்குத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நம்பிக்கையின்மையையும் ஒரு சமயமாகக் கட்டி அதற்கு வாசற்காவல் நிற்கலாம் என்பது என்னைப் பார்த்தபின்தான் தெரிகிறது.

என்னைக் கொஞ்சம் இளக்கியது உன் பாட்டிதான். இதை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை.

கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தினமும் வேதப் பகுதி படித்தே ஆக வேண்டும், படித்துக் காட்டக் கூட்டத்தில் யாருக்கும் நேரமில்லை. என்னோடு பேசக் கூடாது என்பது விதி. பாட்டி விதியை மீறுகிற ஆளா? இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். படிப்பது பேசுவது ஆகாது. அது என் வார்த்தை இல்லையே, புத்தகத்தின் வார்த்தை. அதனால் நான் படிக்கலாம், அவர் கேட்கலாம். எந்த வக்கீலும் தோற்றுப்போவான்.

முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன். சரியான உச்சரிப்பைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னைத் திருத்தக் கூடாது, சுவரைத் திருத்தலாம் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் நாற்காலி கதவோரத்திலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. காது கேட்கவில்லை என்று காரணம் சொன்னார். காது நன்றாகத்தான் கேட்டது.

நான் படித்த எதையும் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை. ஆனால் அந்த வரிகளைக் கேட்கும்போது அவர் முகம் தளர்ந்து, மூச்சு சீராவதைத் தினமும் பார்த்தேன். என்னைக் குத்திக் கிழித்த அதே வரிகள் அவருக்குப் போர்வையாக இருந்தன. இதில் எது பொய் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கடைசி வரை அவர் மனம் மாறவில்லை, நானும் மாறவில்லை. யாரும் யாரையும் மாற்றப் பார்க்காமல் ஓர் அறையில் இருந்தோம், அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாத இன்னொன்று. விடியற்காலைப் பிரார்த்தனை நேரத்துக்கு எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. வெளியே வந்த புதிதில் அந்த நேரத்தில் பிடிவாதமாகப் படுத்தே கிடப்பேன், எழுந்தால் தோற்றுவிட்டேன் என்று ஆகிவிடும். இப்போது எழுந்து இருட்டில் இருபது நிமிடம் உட்காருகிறேன். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, எதையும் எழுதுவதில்லை. சில நாள் மனது அடங்கும், சில நாள் அன்றைய வேலைகளின் பட்டியல்தான் ஓடும். இதற்கு என்ன பெயர் என்று நீ கேட்காதே. பெயர் வைத்தால் அடுத்து விதி வைக்கத் தோன்றும் எனக்கு, என் புத்தி அப்படி.

ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை நான் அலமாரியில் ஒட்டி வைத்திருந்தேனே, 1948இல் வந்தது. அதன் 18ஆம் பிரிவில் மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது என்று எல்லோரிடமும் காட்டுவேன், நான் விலகியதற்குச் சாட்சி போல. நேற்று எடுத்துப் படித்தேன். அதே வாக்கியத்தில்தான் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ வழிபடும் சுதந்திரமும் இருக்கிறது. இத்தனை வருடம் பாதி வாக்கியத்தை மட்டும் படித்திருக்கிறேன்.

அதற்காக எதையும் கேட்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை. சூடு கண்டவள். நீ போகும் இடத்தில் யாராவது விலகிப் போயிருந்தால் அவர்களைப் பற்றி மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று மட்டும் காது கொடுத்துக் கேள். அங்கே தெரிந்துவிடும். போகிறவனை 'நல்லா இரு' என்று அனுப்புகிறார்கள் என்றால் எனக்குப் பயமில்லை. பெயரைச் சொல்லவே தயங்குகிறார்கள் என்றால் என்னிடம் வந்து சொல், கத்த மாட்டேன். கத்தாமல் இருக்க முயல்கிறேன்.

அந்த மூன்று கட்டுரைகளையும் அழித்துவிடு. இரண்டாவதை நேற்று நானே திரும்பப் படித்தேன், சுத்த மோசம், எழுதியவருக்கு என்னைப் போலவே ஏதோ கோபம். அப்புறம், பாடுவோம் என்றாயே, நீயுமா பாடுகிறாய்? உனக்குச் சுருதி சேராதே, அவர்கள் ஒன்றும் சொல்வதில்லையா? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வாரத்தில் ஒருநாள் நான் கூப்பிட்டால் நீ எடுக்காமல் இருந்ததும், 'குளிச்சிட்டிருந்தேன்' என்று பிறகு சொன்னதும் இப்போதுதான் புரிகிறது. எட்டு மாதமாக அந்த நாளில் மட்டும் அவ்வளவு நேரம் குளித்திருக்கிறாய். எத்தனை மணிக்கு முடியும் என்று சொல். அதற்கப்புறம் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா