நிலைத்தன்மை சரி, எஸ்எஸ்டி விலக்குப் பட்டியலும் ஏன் உறைய வேண்டும்?

நீண்டகால ஆதரவு லினக்ஸ் வெளியீடுகளைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று ஒரே வெளியீட்டைத் தாங்கிப் பிடிப்பது லேசான வேலை இல்லை. அந்த உழைப்பில்தான் என் கணினிகள் ஓடுகின்றன. ஆகவே இது வசை மடல் அல்ல. கொஞ்சம் ஆற்றாமையோடு ஒரு கோரிக்கை.

ஒரே மாடல் என்விஎம்இ (பிசிஐஇ வழியாக இணையும் வேகமான வகை) எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ஒரே தரவு இரண்டிலும் பதியும்படி மிரர் போட்டு வைத்திருந்தேன். பழைய வெளியீட்டில் ஒரு குறையும் இல்லை. புதிய நீண்டகால வெளியீட்டை நிறுவ உட்கார்ந்தால் ஒரு டிரைவ்தான் தெரிகிறது. கழற்றி மாட்டினேன், இடம் மாற்றினேன், பயாஸைத் திறந்தால் இரண்டும் அங்கே சமர்த்தாக இருக்கின்றன. விடை கடைசியில் லினக்ஸின் மையக் கருவான கெர்னலின் பதிவில் கிடைத்தது: இரண்டும் ஒரே அடையாள எண்ணைச் சொல்கின்றனவாம், அதனால் இரண்டாவதை ஏற்க முடியாதாம்.

உலகத்திலேயே தனித்து இருக்கவேண்டிய எண்ணை எல்லா டிரைவிலும் ஒன்றுபோல எழுதி அனுப்பியது தயாரிப்பாளரின் தப்பு. 2022இல் கெர்னல் இந்தச் சோதனையைக் கடுமையாக்கியபோது இப்படிப் பல மலிவு மாடல்கள் மாட்டிக்கொண்டன. மறு ஆண்டே, சாதாரண பிசிஐஇ டிரைவ்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். அதற்கும் முன்னால் என் மாடலுக்கான விலக்கு மூலக் கெர்னலில் சேர்ந்தாயிற்று. இரண்டே வரி. என் கையிலிருந்த நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவில் அந்த இரண்டு வரிதான் இல்லை.

கெர்னல் அப்டேட்டில் வந்துவிடுமே என்பீர்கள். வரும், ஆனால் டிரைவே தெரியாதவர் அந்த அப்டேட்டை எதில் நிறுவுவது?

இத்தகைய விலக்குகள் அடங்கிய குவர்க் பட்டியல் என்பது புது வசதி இல்லை. எந்த டிரைவ் எங்கே பொய் சொல்லும் என்ற அனுபவக் குறிப்பு அது. 2017இல் 4.11 கெர்னலோடு என்விஎம்இ டிரைவ்களைத் தானாகத் தூங்கவைக்கும் வசதி வந்தது. ஆழ்ந்து தூங்கிய சில டிரைவ்கள் எழுந்திருக்கவே இல்லை. அவற்றின் பெயரும் பட்டியலில் ஏறியது. பழைய வகை இணைப்பான சேட்டா பக்கம் சாம்சங் 840, 850 மாடல்களுக்கு, வரிசையில் போடும் டிரிம் (அழித்த இடங்கள் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை) அணைக்கப்பட்டிருப்பதும் இதே வகைக் குறிப்பால்தான். புதிய வசதிகளுக்குக் கதவைச் சாத்தும் நிலையான கெர்னலின் விதிகளே சாதன எண்களையும் குவர்க்குகளையும் உள்ளே விடுகின்றன. அப்படியிருக்க, சொந்தக் கெர்னல் கிளை வைத்திருக்கும் நீங்கள் அவற்றைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவ் கண்ணுக்குத் தெரிவதையே தீர்மானிக்கும் குவர்க் வந்தால், அடுத்த இடைவெளியீட்டுக்குக் காத்திராமல் ஐஎஸ்ஓவையும் புதுப்பியுங்கள்.

டிரைவின் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் கருவியின் டிரைவ் தரவுத்தளமும் இதே கதைதான். அதைப் புதுப்பிக்கத் தனி ஸ்கிரிப்ட்டே இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பயனர் தானே ஓட்டினால்தான் உண்டு. இல்லாவிட்டால் புது சேட்டா டிரைவின் தேய்மானக் கணக்கு 'தெரியாத பண்பு' என்று கிடக்கலாம்.

அப்புறம் டிரிம். அதை வாராவாரம் ஓட்டும் டைமர் இன்று பல வெளியீடுகளில் தானாகவே இயங்குகிறது, நன்றி. ஆனால் வட்டை என்கிரிப்ட் செய்தவருக்கு, அனுமதி கொடுத்தாலொழிய டிரிம் அந்த என்கிரிப்ஷன் அடுக்கைத் தாண்டாது. காரணம் நியாயமானது: எந்தப் பகுதி காலி என்பது வெளியே தெரிந்துவிடும். என் வருத்தம் வேறு. டிரிம் எட்டாத டிரைவை டைமர் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு, வேலை முடிந்தது என்கிறது. நானும் மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். நிறுவும்போதே டிரிமை அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் என்ன? வேண்டாம் என்பவர் தெரிந்தே வேண்டாம் என்பார்.

இப்படிக்கு,
இரண்டாவது டிரைவைத் தேடி ஓர் இரவைத் தொலைத்த பயனர்