தப்பான விடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு

என் மகளின் கணக்கு டீச்சருக்கும், பள்ளி ஆலோசகருக்கும், நீச்சல் பயிற்சியாளருக்கும், என் அக்காவுக்கும், வாசலில் வந்து நின்ற அந்த இரண்டு தோழிகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. உங்களில் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஆறு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே வேலையைச் செய்திருக்கிறீர்கள். அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல். அனுப்புவதற்கு முன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வரிகளை அடித்துவிட்டு, "மிச்சம் போடுங்கப்பா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்குத் தேர்வு. நூற்றுக்கு 27. விடைத்தாளை அவள் எங்களிடம் காட்டவில்லை. பதினோரு நாள் கழித்து வேறெதையோ தேடும்போது, உலக வரைபடப் புத்தகத்தின் நடுவில் நான்காக மடித்துச் செருகியிருந்ததைப் பார்த்தேன். மதிப்பெண்ணைவிட அந்த மடிப்புதான் என்னை உலுக்கியது. அதுவரை எங்களிடம் எதையும் ஒளிக்காத பிள்ளை அவள்.

கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "எனக்குக் கணக்கு வராதுப்பா." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதே வாரம் நீச்சல் அணித் தேர்விலும் அவள் பெயர் வரவில்லை. இரண்டும் சேர்ந்து விழுந்ததில் பிள்ளை சுருண்டுவிட்டாள்.

அக்கா, முதலில் உனக்கு. நான் அன்று ராத்திரியே அவளை உட்கார வைத்துப் பேசிவிட நினைத்தேன். நீதான் தடுத்தாய். "அழட்டும்டா, அப்புறம் பேசலாம்" என்றாய். அவள் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமே இல்லை. கடைசியில் நீ மூன்று முறை எழுதித் தோற்ற அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொன்னாய் என்று பிற்பாடு மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அது எனக்கே தெரியாத கதை. நான்காவது முறை ஜெயித்ததை நீ பெரிதாகச் சொல்லவில்லையாம். இரண்டாவது முறை தோற்ற அன்று என்ன செய்தாய், யாரிடம் முகத்தைக் காட்டாமல் சுற்றினாய், அதைத்தான் சொன்னாயாம். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். உணர்ச்சி பொங்கும்போது அதை நிதானப்படுத்துவதற்கு மூளையின் முன்பகுதி வேண்டும். அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டியும் சில வருடங்கள் ஆகும் என்று பிறகு படித்தேன். அந்த ராத்திரி நான் பேசியிருந்தால் ஒரு வார்த்தையும் அவள் காதில் ஏறியிருக்காது.

ஆலோசகர் மேடம், உங்கள் அறைக்கு நாங்கள் வந்தபோது நீங்கள் மதிப்பெண்ணைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, பிடித்த விஷயங்களில் இன்னும் நாட்டம் இருக்கிறதா, இப்படி எத்தனை நாளாக இருக்கிறாள் என்றுதான் கேட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் இப்படியே இருந்தால், அதை மனப்பான்மைப் பேச்சால் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னீர்கள். அந்தக் கேள்விகளை முதலில் கேட்டதற்காகவே உங்களுக்குத் தனி நன்றி. 'மனசை மாத்திக்கோ, எல்லாம் சரியாகிடும்' என்று சொல்லி ஒரு பிள்ளையின் உண்மையான நோவை ஒதுக்கிவிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு இப்போது புரிகிறது.

அதற்கப்புறம்தான் என்னிடம் கேட்டீர்கள்: "சின்ன வயசில் இவளை எப்படிப் பாராட்டுவீங்க?" நான் பெருமையாகவே சொன்னேன். ஐந்து வயதிலிருந்து இவள் கெட்டிக்காரி, கணக்கு இவளுக்குத் தானாக வரும், அதைத்தான் எல்லோரிடமும் சொல்வோம் என்றேன். நீங்கள் 1998இல் உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்து, போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும் சிலரிடம் 'நீ நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரையும் சறுக்க விட்டார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அதற்கப்புறம் புதிரையே வெறுத்தார்கள், முன்பைவிடக் குறைவாகவும் போட்டார்கள். வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதிக் காட்டச் சொன்னபோது, அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கூட்டி எழுதினார்கள். உழைப்பைப் பாராட்டக் கேட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் அதில் பாதிகூட இல்லை.

அதைக் கேட்டதும் எனக்கு அந்த வரைபடப் புத்தகம்தான் கண் முன்னால் வந்தது. 'கெட்டிக்காரி' என்ற பட்டத்தை நாங்களே கொடுத்திருந்தோம். 27 என்ற எண் அந்தப் பட்டத்தைப் பறித்துவிடும் என்று பயந்து அவள் தாளை மடித்து ஒளித்திருக்கிறாள்.

நான் அவசரக்காரன். அன்று சாயங்காலமே வீட்டில் "நீ நல்லா முயற்சி பண்ணினே, அதுதான் முக்கியம்" என்றேன். அவள் பட்டென்று திருப்பிக் கேட்டாள்: "முயற்சி பண்ணியும் 27ன்னா நான் முட்டாள்னுதானே அர்த்தம்?" எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் உங்களிடம் சொன்னேன். வெறும் முயற்சியைப் புகழ்வது 'வளர்ச்சி மனப்பான்மை', அதாவது திறமை பயிற்சியால் வளரும் என்ற எண்ணம், ஆகாது, டுவெக்கே 2015இல் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார் என்றீர்கள். எந்த வழியில் முயன்றாள், அந்த வழி ஏன் பலன் தரவில்லை, அடுத்து எதை மாற்றலாம், யாரிடம் கேட்கலாம் என்பதுவரை போனால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் என்றீர்கள். அங்கே போக எனக்குக் கணக்கு தெரியாது. அதற்குத்தான் டீச்சர் இருந்தார்.

டீச்சர், நீங்கள் செய்ததை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்த மடிப்பு விழுந்த தாளை மேசையில் நீவி விரித்தீர்கள். அவளை எதிரில் உட்காரச் சொல்லாமல் பக்கத்தில் உட்காரச் சொன்னீர்கள். 27 என்ற எண்ணின் மேல் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டு, "இந்தக் கணக்கில் எந்த வரி வரைக்கும் உனக்கு நிச்சயமா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. −3(x − 4) என்பதைப் பிரித்து −3x − 12 என்று எழுதியிருந்தாள். நீங்கள் திருத்தவில்லை. "x-க்குப் பதிலா 5 போட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னீர்கள். மேலே போட்டாள், −3 வந்தது. கீழே போட்டாள், −27 வந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அய்யோ, உள்ள இருக்கிற கழித்தலும் மாறணும்" என்று தானே சொன்னாள்.

அப்புறம் தாள் முழுக்க அந்த ஒரே தவறைத் தேடச் சொன்னீர்கள். ஆறு இடத்தில் இருந்தது! எல்லா இடத்திலும் அதற்கப்புறம் வந்த வரிகள் சரியாகவே போயிருந்தன. "உனக்குக் கணக்கு வரலைன்னு இல்லம்மா. அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் நின்னா என்ன ஆகும்கிறது இன்னும் பழகலை. அவ்வளவுதான்" என்றீர்கள். அந்த 'இன்னும்' என்ற சொல்லை அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். 'வராது' என்று கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை 'இன்னும் வரலை' என்று சொல்வதைக் கேட்க எனக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாளின் ஓரங்களில் நீங்கள் நிறையக் குறிப்பு எழுதியிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: 'உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அதிகம், அது உன்னால் முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு எழுதினேன்.' டேவிட் யேகரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் கிட்டத்தட்ட இதே வரிதான் வருகிறது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தி, சிலருக்கு இப்படி ஒரு துண்டுச் சீட்டோடு கொடுத்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் கறுப்பின மாணவர்களிடையே விருப்பப்பட்டுத் திருத்தி எழுதியவர்கள் சாதாரணச் சீட்டு வாங்கியவர்களில் 17 சதவீதம், இந்தச் சீட்டு வாங்கியவர்களில் 72 சதவீதம். நீங்கள் அந்த ஆய்வைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, என் டீச்சர் எனக்கு இப்படி எழுதுவார் என்றீர்கள். அவருக்கும் சேர்த்து என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சியாளரே, உங்களிடம் வந்து அவள் 'நான் வேகமில்லை' என்று சொன்னபோது ஒரு நோட்டைக் கையில் கொடுத்தீர்கள். 'தோற்றேன்' என்று அதில் எழுதக் கூடாது, எங்கே நேரம் போனது என்று மட்டும் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. முதல் பக்கத்தில் 'திரும்பும்போது சுவரைத் தள்ளத் தாமதம்' என்று இருக்கிறது. இப்போது அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து கணக்குத் தவறுகளை எழுதி வருகிறாள். அணியில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. நீங்களும் கிடைத்துவிடும் என்று பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. அதற்கும் நன்றி.

தோழிகள் இருவருக்கும்: பிள்ளைகளே, கதவு சாத்தியிருந்த நாளில் வாசலில் நின்று "எங்களுக்கும் அந்தக் கணக்கு புரியலை, வா சேர்ந்து போடலாம்" என்று கூப்பிட்டீர்களே, அது பெரிய உதவி. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேர் கலந்துகொண்டார்கள். மூளை பயிற்சியால் வளரும் என்று கணினி வழியாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே சொல்லிக் கொடுத்தார்கள். மதிப்பெண் குறைந்திருந்தவர்களுக்குச் சராசரியில் சிறிய முன்னேற்றம், 4 புள்ளி அளவுகோலில் 0.1 அளவு, கிடைத்தது. கடினமானதை எடுத்துச் செய்வது சகஜம் என்று கூடப் படிப்பவர்கள் நினைத்த பள்ளிகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. ஆலோசகர் மேடம் இதைச் சொன்னபோது நான் நினைத்தது உங்கள் இரண்டு பேரையும்தான்.

கடைசியாக ஒன்று, மேடம், அதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் உங்களிடம் "அப்பா திட்ட மாட்டாங்க, ஆனா அவங்க முகம் விழுந்துடும்" என்று சொன்னாளாம். அவள் அனுமதியோடுதான் அதை என்னிடம் சொன்னீர்கள். கூடவே கைலா ஹைமோவிட்ஸும் டுவெக்கும் 2016இல் எழுதியதையும் சொன்னீர்கள். அறிவு வளருமா வளராதா என்று பெற்றோர் மனதில் நினைப்பது பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. தோல்வி வரும்போது பெற்றோர் நடந்துகொள்வதுதான் தெரிகிறது. தோல்வியைக் கேடு என்று பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள், அறிவு மாறாதது என்று நம்பும் வாய்ப்பு அதிகம். நான் இத்தனை வருடம் என் வார்த்தைகளைக் காத்தேன், முகத்தைக் காக்கவில்லை. இப்போது தாள் வந்தால் முதலில் "எந்த இடத்தில் சிக்கிச்சு, காட்டு" என்று கேட்கப் பழகுகிறேன். முகம் சில நேரம் இன்னும் விழத்தான் செய்கிறது. அப்போது அவளிடமே, "இது என் கவலைம்மா, உன் மேல கோபம் இல்லை" என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் கணக்கில் 58 வாங்கினாள். போன வாரம் அறிவியலில் 34. ராத்திரி நான் வீடு திரும்பியபோது அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பு ஒன்றும் இல்லை. நான்கு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'நாளைக்கு சாரிடம் கேட்கணும்' என்று எழுதியிருந்தாள். மேலே ஒரு பேனாவும் இருந்தது, நான் கையெழுத்துப் போடுவதற்கு.

மனம் நிறைந்த நன்றியுடன்,
அவளுடைய அப்பா