உறைக்குள் உறை

அன்புள்ள கயலுக்கு,

நீ இப்போது பென்சில்வேனியாவாசி. முகவரி மாற்றத்தோடு ஓட்டுரிமையையும் மாற்றினாயா என்று போனில் கேட்டால் "பார்த்துக்கலாம்மா" என்பாய். அதனால்தான் அங்கே பதிவு செய்து தபாலில் ஓட்டுப் போடுவது எப்படி என்று எழுதுகிறேன். 2026 நவம்பர் 3 தேர்தலில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களோடு உங்கள் மாநில கவர்னர் பதவியும் முடிவாகிறது.

டிவியைப் பார்த்துக் குழம்பாதே. தபால் ஓட்டையே ஒழிக்கப் போவதாக ட்ரம்ப் 2025 ஆகஸ்டில் சொன்னார். ஆனால் தேர்தலை எப்போது, எங்கே, எப்படி நடத்துவது என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை அரசியல் சாசனம் மாநிலச் சட்டசபைகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதை மாற்றும் உரிமை காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, உண்டு. ஜனாதிபதியின் ஒரு கையெழுத்தால் அது மாறாது. 2025 மார்ச்சில் அவர் போட்ட தேர்தல் உத்தரவின் முக்கியமான பகுதிகளை நீதிமன்றங்கள் நிறுத்தியதும் இதனால்தான். உன் ஓட்டை ஆள்வது உங்கள் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் போட்ட சட்டம். 2019-ல் வந்த ஆக்ட் 77 அது. ரிபப்ளிகன் பெரும்பான்மை இருந்த சபைகள் நிறைவேற்ற, டெமாக்ரட் கவர்னர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்டார். காரணம் எதுவும் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்று ஆனது அதில்தான்.

முதலில் பதிவு. கடைசி நாள் அக்டோபர் 19. தபால் ஓட்டுக்கான விண்ணப்பம் அக்டோபர் 27 மாலை 5 மணிக்குள் கவுண்டி (மாவட்ட) தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கமோ போதும். கடைசி நாள் வரை காத்திருக்காதே. விண்ணப்பம் போய், சீட்டு வந்து, நீ நிரப்பி, அது திரும்பிப் போய்ச் சேர ஒரு வாரம் போதவே போதாது.

சீட்டு வந்ததும் மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வை. ஒரு வாக்குச்சீட்டு, இரண்டு கவர். நீல அல்லது கருப்பு மையில் வட்டங்களை முழுசாக நிரப்பு. ஒரே குறியில் ஒரு கட்சிக்கே எல்லா ஓட்டும் போடும் வசதியை ஆக்ட் 77 எடுத்துவிட்டது. எனவே ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்.

பிறகு சீட்டை மடித்து உள்கவரில் வைத்து ஒட்டு. இது ரகசியக் கவர். இதன்மேல் உன் பெயர், இனிஷியல், கிறுக்கல் எதுவும் கூடாது. ஆளையோ கட்சியையோ காட்டிக்கொடுக்கும் குறி ஏதாவது இருந்தால் ஓட்டு செல்லாது. இந்தக் கவரையே விட்டுவிட்டுச் சீட்டை நேராக வெளிக்கவரில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அதை 'நிர்வாண ஓட்டு' என்பார்கள். அதை எண்ணக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்துவிட்டது. உள்கவர் எதற்கு என்று புரிந்துகொண்டால் மறக்காது: வெளிக்கவரில் உன் பெயரும் கையெழுத்தும் இருக்கும். அதைப் பிரித்து ஒதுக்கிய பிறகு, பெயரில்லாத உள்கவர்களை ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் திறப்பார்கள். நீ யாருக்குப் போட்டாய் என்பது அந்த இடத்தில்தான் மறைகிறது.

வெளிக்கவரின் பின்புறம் கையெழுத்துப் போட்டு, கையெழுத்திட்ட நாளின் தேதியை எழுது. பழக்கதோஷத்தில் பிறந்த தேதியை எழுதிவிடாதே. இந்தத் தேதியைச் சுற்றி வருஷக்கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது. 2022 ரிபப்ளிகன் செனட் ப்ரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) ஆஸ், மெக்கார்மிக் என்ற இருவர் மோதியபோது, மறு எண்ணிக்கை முடிந்து 951 ஓட்டு வித்தியாசம். தேதியில்லாத கவர்களை எண்ணுவதா வேண்டாமா என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் என்ன சொன்னாலும் சரி, நீ தேதியை எழுதிவிடு.

நியூஜெர்சி பழக்கம் உன்னைக் கவிழ்த்துவிடும் இடம் இனிதான். நீ இங்கே இருந்தவரை தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்தால் போதும், ஆறு நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். அங்கே முத்திரைக்கு மதிப்பே கிடையாது. தேர்தல் அன்று இரவு 8 மணிக்குக் கவர் கவுண்டியின் கையில் இருக்க வேண்டும். கடைசி வாரம் என்றால் தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடு. அதையும் நீயேதான் செய்ய வேண்டும். "ஆபீஸ் போற வழியில போட்டுடுங்க" என்று மாப்பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. உடல்நலக் குறைவால் போக முடியாதவர்கள் மட்டுமே, அதற்கான படிவம் எழுதித் தந்து, இன்னொருவர் மூலம் அனுப்பலாம். கணவன் மனைவிக்கும் இதே சட்டம்தான்.

மனசு மாறி நேரில் போட நினைத்தால், வந்த சீட்டையும் இரண்டு கவரையும் பூத்துக்கு எடுத்துப் போ. அதை வாங்கி ரத்து செய்துவிட்டு வழக்கமான முறையில் போட விடுவார்கள். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் தற்காலிக ஓட்டுதான், சரிபார்த்த பிறகே எண்ணுவார்கள். அதன் கவரில் இரண்டு இடத்தில் கையெழுத்து வேண்டும், ஒன்று விட்டாலும் போச்சு. அந்த பூத்தில் முதல் தடவை என்பதால் அடையாள அட்டை அவசியம். காலை 7 முதல் இரவு 8 வரை. 8 மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் போதும்.

பதிவுப் படிவத்தில் கட்சி என்ற கட்டத்தைச் சும்மா விட்டுவிடாதே. எந்தக் கட்சியும் குறிக்காதவர்கள் நியூஜெர்சி ப்ரைமரியில் அன்றைக்கே ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பென்சில்வேனியாவில் அந்தக் கட்சியில் ஏற்கனவே பதிந்தவருக்குத்தான் ப்ரைமரி வாக்குச்சீட்டு. டெக்சாஸ் 2025-ல் பத்தாண்டுக்கு நடுவிலேயே தொகுதிகளை மாற்றி வரைந்தது, கலிபோர்னியா அதே ஆண்டு நவம்பரில் மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் பதிலுக்கு வரைந்தது. இப்படி ஒரு கட்சிக்கே பத்திரமாக வரையப்பட்ட தொகுதியில் உண்மையான போட்டி ப்ரைமரியில்தான் நடக்கிறது. அங்கே உனக்கு ஓட்டு இல்லையென்றால் நவம்பரில் பாதி வேலை முடிந்துபோயிருக்கும்.

முக்கியமான ஒன்று. மாப்பிள்ளையும் சம்பந்தியும் கிரீன் கார்டில் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் சேர்ந்து நடக்கிறது. திரையில் அந்தக் கேள்வி வந்தால் அவர்கள் கண்டிப்பாக 'இல்லை' என்று சொல்ல வேண்டும். மளிகைக் கடை வாசலில் கிளிப்போர்டோடு நிற்பவர் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. தெரியாமல் பதிந்தேன் என்றாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வரும். நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம். சம்பந்தியம்மாவுக்கு நீயே உட்கார்ந்து தமிழில் சொல்.

மாப்பிள்ளைக்குக் குடியுரிமை உறுதிமொழி அக்டோபர் 19-க்குள் அமைந்துவிட்டால், சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அவருடைய படிவத்தையும் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அம்மா