நாடகத்தை எடுத்துவிட்டு இலக்கணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் மலரில் ஆங்கிலத் தேர்வுக்கான குறிப்புகளைப் படித்தேன். எல்லாம் சரி, நடுவில் ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஷேக்ஸ்பியருக்குச் செலவழிக்கிற பீரியடை இலக்கண ரிவிஷனுக்குக் கொடுத்தால் மதிப்பெண் கூடுமாம். எழுதியவர் அனுபவம் மிக்கவர் என்று கீழே போட்டிருக்கிறீர்கள். அடியேனும் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவள்தான். அதை யாரும் எங்கும் போடவில்லை, பரவாயில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் 'ஜூலியஸ் சீசர்' நடத்துவேன். பாடப்புத்தகத்தில் கிடையாது, நூலகத்துப் பிரதியை வைத்துக்கொண்டு மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சி மட்டும். புரூட்டஸும் காசியஸும் கூட்டாளிகளும் குத்திக் கொன்ற சீசரின் உடலருகே, அவன் நண்பன் ஆண்டனி ஜனங்களிடம் பேசும் இடம் அது. ஒருமுறை ஆண்டனியாக நின்ற பையன் என் மேஜைவிரிப்பை உருவி, சீசரின் அங்கி என்று தூக்கிப் பிடித்தான். இங்க் கறையும் இரண்டு ஓட்டையும் அதில் முன்பே உண்டு. "காசியஸ் கத்தி பாய்ந்த இடம் இதுதான்" என்று ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டான். "புரூட்டஸ் மாண்புமிக்கவர்" என்று அவன் முதல் தடவை சொன்னபோது வகுப்பு சும்மா கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை கடைசி பெஞ்சு சிரித்தது. தமிழ் ஐயா நடத்திய வஞ்சப்புகழ்ச்சி அணி அவர்களுக்கு அன்றுதான் பிடிபட்டது.

அப்புறம் புரூட்டஸின் குத்துதான் எல்லாவற்றிலும் கொடியது என்று சொல்லும் 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட் கட் ஆஃப் ஆல்' என்ற வரி வந்தது. முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், மோஸ்ட் போட்டா எஸ்ட் வரக்கூடாதுன்னு நேத்துதான் எனக்கு அரை மார்க் குறைச்சீங்க. இவருக்கு எவ்வளவு குறைப்பீங்க?"

அழுத்தம் கொடுக்க இரண்டையும் சேர்த்துப் போடுவது அந்தக் காலத்து வழக்கம் என்றேன். நாடகம் மேடையேறியது 1599இல்; இதைத் தப்பென்று அடித்தவர்கள் 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். அதன் பிறகு அந்த வகுப்பில் ஒருத்தர்கூட 'மோர் பெட்டர்' என்று எழுதவில்லை. சீசர் பேராசைக்காரன் என்றால் அது 'கிரீவஸ்' (கொடிய) குற்றம், அதற்கு அவன் 'கிரீவஸ்லி' (கொடுமையாக) விலை கொடுத்துவிட்டான் என்கிறான் ஆண்டனி. ஒரே மூச்சில் அட்ஜெக்டிவும் அட்வெர்பும் வந்துவிட்டன. முன்னால் நிற்கும் 'இஃப்... வேர்' என்ற நிபந்தனை வாக்கியம் இனாம். ரிவிஷன் என்று வேறு எதைச் சொல்கிறார் தங்கள் கட்டுரையாளர்?

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். "இது எந்த போர்ஷன்?" என்றார். பாடக்குறிப்பேட்டில் இல்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பக்கத்து வகுப்பில் கோடிட்ட இடத்துக்கான விடைகளை மட்டும் போர்டில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எழுத வைத்திருந்த சக ஆசிரியருக்கு அன்று பாராட்டு. அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, துணைப்பாடக் கதையாக. அதன் வாக்கியங்களைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்கிறது வினாத்தாள். என் பேத்தி புயலையும் தீவையும் விட்டுவிட்டு எது முதலில், எது அடுத்தது என்று உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள். நூறு வருஷத்துக்கு முன்னால் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' ஆக்கி மேடையேற்றினார். டிக்கெட் வாங்கிய ஜனங்கள் பாஸிவ் வாய்ஸை முடித்துவிட்டா கொட்டகைக்குள் போனார்கள்?

இலக்கணத்தில் இவ்வளவு அக்கறை உள்ள தங்கள் மலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருஷம் வந்த மாதிரி வினாத்தாளின் 14ஆம் கேள்விக்கு 'பிட்வீன் யூ அண்ட் ஐ' சரி என்று விடை போட்டிருந்தீர்கள். 'மீ' என்று இருக்க வேண்டும் என இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அன்டோனியோவும் தன் கடிதத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்றுதான் எழுதுகிறான். ஒருவேளை அங்கிருந்துதான் எடுத்தீர்களோ என்னவோ. அப்படியானால் ஷேக்ஸ்பியரை வேண்டாம் என்று சொல்லும் பக்கத்தில் அவருக்கு ஒரு நன்றியாவது போட்டிருக்கலாம். கடனைத் திருப்பித் தராததற்காகச் சதையை அறுக்க அன்டோனியோவின் மார்பில் கத்தி வைக்கப்போகிறார்கள், அவனுக்கு இலக்கணம் பார்க்க நேரமில்லை. தங்களுக்கு என்ன அவசரம்?

அதே வினாத்தாளை, அதே விடையோடு, இந்த வாரம் மறுபடியும் போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரே ஒரு வரி திருத்தம் வெளியிட்டால் போதும். வசதிக்காக அந்தப் பகுதியைக் கத்தரித்து, சிவப்பு மையில் வட்டமிட்டு, இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்