பிளாப்பி கெட்டுப்போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கணினி கேள்வி பதில் பகுதியில் சாத்தூர் அச்சகக்காரர் ஒருவருக்கு நீங்கள் தந்திருந்த பதிலைப் பற்றி இந்தக் கடிதம். அவர் கேட்டது இதுதான். அப்பா காலத்து 486 கம்ப்யூட்டர். பாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய பில் கணக்கு அதில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஹார்டு டிஸ்க்கிலிருந்து பூட் ஆகவில்லை, அதாவது எழும்பவில்லை. இணையத்தில் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பூட் பிளாப்பியின், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் பிளாப்பி டிஸ்க்கின், இமேஜ் பைல் ஒன்றை இறக்கி, யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி, இமேஜுக்குள் இருந்த பைல்களைப் பிளாப்பிக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். 486-ல் செருகினால் 'நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்' என்று வருகிறது. ஆனால் லேப்டாப்பில் பார்த்தால் எல்லா பைலும் பிளாப்பியில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பிளாப்பி கெட்டிருக்கும், பிளாப்பி காலமே முடிந்துவிட்டது, பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று பதில் சொல்லியிருந்தீர்கள்.

மதுரையில், எண்பதுகளின் பிசி-எக்ஸ்டி கம்ப்யூட்டர் காலத்திலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். இன்றும் எடைமேடை, லேத் பட்டறை, அச்சகம் என்று பழைய டாஸ் மெஷின்கள் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பிளாப்பி கெடவில்லை என்று சாத்தூருக்குப் போகாமலே சொல்வேன். அதற்குச் சாட்சி அவர் திரையில் வந்த அந்த வாக்கியமேதான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மதர்போர்டிலுள்ள பயாஸ் என்ற ஆரம்ப புரோகிராம், பிளாப்பியின் பூட் செக்டர் என்கிற முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை மட்டும் படித்து நினைவகத்தில் வைத்து ஓடவிடும். அந்தச் சின்ன புரோகிராம்தான் அடுத்து டாஸின் மூல பைல்களான ஐஓ.சிஸ் எங்கே, எம்எஸ்டாஸ்.சிஸ் எங்கே என்று தேடும். கிடைக்காவிட்டால் அதுவே 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று எழுதிக் காட்டும். அந்த வாக்கியம் பதிந்திருப்பதே பிளாப்பியின் அந்த 512 பைட்டுக்குள்தான். டிரைவ் விளக்கு எரிந்து, அப்புறம் அந்த வாக்கியம் வந்தது என்றால் டிரைவ் சுழல்கிறது, ஹெட் படிக்கிறது, பிளாப்பியின் முதல் செக்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கெட்ட பிளாப்பியால் இவ்வளவு தெளிவாகப் பேச முடியாது.

அப்படியானால் கோளாறு எங்கே? பைல்களை மாற்றிப் போட்டதில். இமேஜ் பைல் என்பது பைல்களின் மூட்டை இல்லை. ஒரு பிளாப்பியின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, காலி இடம் உட்பட, வரிசை மாறாமல் எடுத்த நகல். 1.44 எம்பி மூன்றரை அங்குல பிளாப்பியில் 80 டிராக், இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், ஆக 2,880 செக்டர். 512-ஆல் பெருக்கினால் 14,74,560 பைட். நல்ல இமேஜ் பைலின் அளவு ஒரு பைட் கூடாமல் குறையாமல் இதுவாகத்தான் இருக்கும். இறக்கியதும் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அதே பிளாப்பியில் பைல் வைக்கக் கிடைக்கும் இடமோ 14,57,664 பைட்தான். மீதி 33 செக்டரைப் பூட் செக்டரும், பைல் அட்டவணைகளும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் இமேஜ் பைலை அப்படியே காப்பி செய்தால் பிளாப்பியில் இடமே போதாது. சாத்தூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான், இமேஜைத் திறந்து உள்ளிருந்ததை இழுத்துப் போட்டிருக்க வேண்டும். பைல்கள் வந்தன, இமேஜின் பூட் செக்டர் வரவில்லை, பிளாப்பியில் முன்பே இருந்ததுதான் அங்கே இருந்தது. தவிர, பழைய டாஸில் ஐஓ.சிஸ்ஸும் எம்எஸ்டாஸ்.சிஸ்ஸும் அட்டவணையின் முதல் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். மவுஸால் இழுத்துப் போடும்போது எது முன்னால் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்? செடியை வேர்மண்ணோடு பெயர்த்து வைக்கிற மாதிரி வைக்க வேண்டிய விஷயம் இது.

அதைச் செய்யத் தனிக் கருவிகள் உண்டு. அந்தக் காலத்தில் லினக்ஸ் நிறுவ வேண்டுமென்றால் டாஸில் ராரைட் என்ற குட்டி புரோகிராமை வைத்துத்தான் பூட் பிளாப்பி எழுதுவோம். விண்டோஸில் நான் வின்இமேஜ் வைத்திருக்கிறேன். இமேஜைத் திறந்து, 'டிஸ்க்கில் எழுது' என்பதைக் கொடுத்தால் பூட் செக்டரோடு சேர்த்து எழுதிவிடும். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு டிடி கட்டளை போதும். ஆனால் டிடியில் மட்டும் கவனம் வேண்டும். யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் லினக்ஸில் பழைய பிளாப்பியின் பெயரோடு வராது, பென் டிரைவ் மாதிரி எஸ்டிபி, எஸ்டிசி என்று வரும். ஓர் எழுத்து மாறி எஸ்டிஏ என்று அடித்தால் அது லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்காகவே இருக்கலாம். டிடி கேள்வி கேட்காது. ஒன்றரை எம்பிதானே என்று நினைக்க வேண்டாம், பார்ட்டிஷன் விவரம் இருப்பதே அந்த டிஸ்க்கின் ஆரம்பத்தில்தான்.

எழுதுவதற்கு முன் பிளாப்பியை முழு பார்மட் செய்து பாருங்கள். குவிக் பார்மட் வேண்டாம், அது எதையும் சோதிக்காது. முதல் டிராக்கில் பேட் செக்டர் வந்தால் அந்தப் பிளாப்பி பூட் செய்ய உதவாது, ஓரமாக வைத்துவிடலாம். காந்தத் தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டிரைவுக்குள் விடவே விடாதீர்கள். ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்து வரும் நல்ல பிளாப்பிகளையும் கீறிவிடும். எழுதி முடித்ததும் திரும்பப் படித்து இமேஜோடு ஒப்பிட வேண்டும். அதற்கப்புறம் மூலையில் இருக்கும் சின்ன தாழைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிடுங்கள். மூன்றரை அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தால் அதில் யாரும் எழுத முடியாது. ஐந்தே கால் அங்குலத்தில் இது நேர்மாறு, ஓர விளிம்பிலுள்ள வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூட வேண்டும். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 1986-ல் லாகூரில் எழுதப்பட்ட பிரெய்ன் தொடங்கி, அந்தக் கால வைரஸ்கள் பல குடியிருந்தது பூட் செக்டரில்தான். முப்பது வருடம் யாரும் சோதித்துப் பார்க்காத ஹார்டு டிஸ்க்கில் என்ன தூங்குகிறதோ, யார் கண்டது.

சரி, இவ்வளவும் செய்தும் 486 பிளாப்பியைத் தொடவே இல்லை என்றால்? பயாஸ் செட்டப்பில் பார்க்க வேண்டும். டிரைவ் ஏ என்பது 1.44 எம்பி என்று இருக்கிறதா, பூட் வரிசையில் ஏ முதலில் வருகிறதா என்று. டிரைவ் விளக்கு ஆன் செய்ததிலிருந்து அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ரிப்பன் கேபிளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கேபிளில் சில கம்பிகள் முறுக்கி இருக்கும். முறுக்குக்கு அப்பால் உள்ள முனையில் மாட்டியதுதான் ஏ. யுஎஸ்பி டிரைவ் எழுதியதை 486-ன் டிரைவ் படிக்கத் தடுமாறுவதும் நடக்கும். வருடக்கணக்கில் ஓடிய டிரைவில் ஹெட்டின் நேர் சற்று விலகியிருக்கும். முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள்.

இனி, நீங்கள் தொடாமல் விட்ட விஷயம். அந்த 486 ஏன் ஹார்டு டிஸ்க்கிலிருந்து பூட் ஆகவில்லை? என் சந்தேகம் பேட்டரி மேல்தான். மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்தால், ஹார்டு டிஸ்க்கில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்ற விவரத்தைக் கம்ப்யூட்டர் மறந்துவிடும். டிஸ்க் நன்றாகவே இருக்கும், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே மெஷினுக்குத் தெரியாது. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி 1980-க்குப் போகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். ஹார்டு டிஸ்க் லேபிளில் அந்த மூன்று எண்ணும் அச்சிட்டிருக்கும். செட்டப்பில் அதைக் கொடுத்தாலே உயிர் வந்துவிடலாம். அப்படியே அந்தப் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். பச்சையாகக் கசிந்திருந்தால் போர்டின் செம்புத் தடங்களை அரிக்க ஆரம்பித்திருக்கும், உடனே வெட்டி எடுக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அடாப்டர் வழியாக லேப்டாப்பில் மாட்டினால் போகிறது, பிளாப்பி எதற்கு என்று இந்தக் காலத்துப் பையன்கள் கேட்பார்கள். மாட்டிப் பார்க்கட்டும். செக்டர்களை வரிசை எண்ணால் அழைக்கும் எல்பிஏ முறை தெரியாத அந்தக் காலச் சின்ன டிஸ்க்குகளைப் புது யுஎஸ்பி அடாப்டர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் அதே மெஷினைப் பிளாப்பியிலிருந்து எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுப்பியபின் சி டிரைவுக்குப் போய், பாக்ஸ்புரோ கணக்கு இருக்கும் டிபிஎஃப் பைல்களை வேறு பிளாப்பிகளுக்குக் காப்பி செய்துகொண்டால், லிப்ரே ஆபீஸ் கால்க் அவற்றைத் திறந்து காட்டும். யார் எவ்வளவு பாக்கி என்பது வரை வந்துவிடும்! அதற்கு முன்னால் யாராவது, டாஸின் பூட் பைல்களை ஹார்டு டிஸ்க்கில் புதிதாக எழுதும் சிஸ் சி கட்டளையை அடிக்கச் சொன்னால் வேண்டாம். பிளாப்பியின் டாஸும் டிஸ்க்கிலுள்ள டாஸும் வேறு பதிப்பாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். பூட் செய்யும் வேலைக்கு எம்எஸ்-டாஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. 1994-ல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் இலவசம், அதன் பிளாப்பி இமேஜ்களும் இலவசம், கண்ட இடத்தில் இறக்கி வைரஸ் வாங்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாப் பழைய மெஷினுக்கும் யுஎஸ்பி டிரைவ் உதவாது. அது 1.44 எம்பியும் 720 கேபியும் எழுதும், அவ்வளவுதான். அமிகா கம்ப்யூட்டரின் பிளாப்பியில் டிராக்குக்கு 11 செக்டர், 880 கேபி. பழைய மேக்கின் 800 கேபி பிளாப்பி வேகத்தையே மாற்றி மாற்றிச் சுழல்வது. இவற்றுக்கெல்லாம் சாதாரண பிளாப்பி டிரைவோடு கிரீஸ்வீசல் மாதிரியான சின்ன போர்டு ஒன்றைச் சேர்த்துத்தான் எழுத முடியும். பிசி-எக்ஸ்டியின் 360 கேபி பிளாப்பியை 1.2 எம்பி டிரைவில் எழுதுகிறவர்கள் எழுதாத புதுப் பிளாப்பியாகப் பார்த்து எடுக்க வேண்டும், 1.2 டிரைவின் ஹெட் ஒடுக்கமானது, முன்பு அகலமாக எழுதியதை முழுக்க அழிக்காது, பழைய டிரைவுக்கு இரண்டும் கலந்து கேட்கும்.

பிளாப்பி காலம் முடிந்துவிட்டது என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. சோனி 2011-லேயே ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. ஜப்பான் அரசு அலுவலக விதிகளிலிருந்து பிளாப்பியை 2024-ல் எடுத்தார்கள். ஆனால் அதே 2024-ல் சான் பிரான்சிஸ்கோவின் சுரங்கப்பாதை ரயில் கட்டுப்பாட்டு முறை தினமும் காலையில் பிளாப்பியிலிருந்துதான் எழுந்துகொண்டிருந்தது. 1998-ல் போட்ட முறை அது. நம் பக்கத்தில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பென் டிரைவ் செருகும் கோடெக் பெட்டியை மாட்டிக்கொள்கிறார்கள். பென் டிரைவில் இருப்பவையும் அதே இமேஜ்கள்தான். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. சாத்தூர்க்காரரும் விரும்பினால் பிறகு அப்படிச் செய்துகொள்ளலாம்.

அவரிடம் பழைய பிளாப்பிப் பெட்டி ஏதாவது கிடந்தால், புதிதாக எதையும் அதில் எழுதுமுன் ஒவ்வொன்றையும் படித்து இமேஜாக எடுத்து வைக்கட்டும். பாக்ஸ்புரோ கணக்கை எழுதிக்கொடுத்தவர் தந்த மூலப் பிளாப்பி அதில் இருக்கலாம். யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் அச்சகங்களில் இப்படித்தான் கிடக்கின்றன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியாக்கம் வைத்திருந்த காலம் அது. எழுத்துரு போனால் அதில் அடித்து வைத்த பைலைப் படிக்கவே முடியாது.

அந்த மெஷின் இன்னும் எடைக்குப் போகாமல் இருந்தால் இந்த வாரமே இதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் பேட்டரி பற்றிய பத்தியையும் இமேஜ் எழுதுவதைப் பற்றிய பத்தியையும் மட்டுமாவது போடுங்கள். சாத்தூர் அன்பர் மதுரைப் பக்கம் வந்தால் பூட் பிளாப்பியை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். காலிப் பிளாப்பியை மட்டும் அவர் கொண்டுவரட்டும், என்னிடம் இருப்பு குறைந்துகொண்டே வருகிறது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
மதுரை.